விசா வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்?



இது கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டு வேலைக்குப் போகும் யோசனையில் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் கடைசிவரை படித்துவிடுங்கள்.

நான் கூடலூரில் பிறந்து வளர்ந்தவன். நம் பள்ளத்தாக்கில் எல்லை தாண்டுவது ஒரு பெரிய விஷயமே இல்லை. விடிவதற்கு முன்பே ஜீப்புகள் லோயர்கேம்ப் தாண்டி மலையேறும். தூக்குவாளியோடு போகிற பெண்கள் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவார்கள். குமுளியில் ஒரு கால் தமிழ்நாடு, ஒரு கால் கேரளா. யாரும் எதுவும் கேட்டதில்லை. வகுப்பில் வரைபடத்தில் எல்லைக் கோட்டைக் காட்டும்போது, "அந்தக் கோட்டைத்தான் சார் எங்கம்மா தினமும் தாண்டிப் போகுது" என்று ஒரு பையன் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

2020-ல்தான் நமக்கு முதல்முறையாகப் புரிந்தது. கொரோனா வந்ததும் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூன்று வழியிலும் இ-பாஸ் கேட்டார்கள். சொந்தத் தோட்டத்துக்குப் போகக்கூட அனுமதி வாங்க வேண்டியிருந்தது. திறந்து கிடக்கிற வழி நம் உரிமை என்று நினைத்திருந்தோம். அது அப்போதைய விதி, அவ்வளவுதான்.

இதை அன்றே உணர்ந்த நான், 2025 ஜனவரியில் மறந்துவிட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் பழைய மாணவன் ஒருவன் ஸ்வீட் பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்தான். மலேசியாவில் ஓட்டல் வேலையாம். "விசா வந்துருச்சாடா?" என்று கேட்டேன். "இப்ப விசாவே வேண்டாம் சார், டிக்கெட் போட்டா போதும்" என்றான். எனக்கு ஒரே சந்தோஷம். நம் பாஸ்போர்ட்டுக்கு இவ்வளவு மதிப்பா என்று பெருமைப்பட்டேன். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. திருநீறு பூசி அனுப்பிவைத்தேன்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியா போகலாம். ஆனால் 30 நாள்தான், அதுவும் சுற்றிப் பார்க்க. வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஏஜென்ட் அதற்கும் ஒரு வழி சொல்லியிருக்கிறார்: "29-ஆம் நாள் வேன்ல ஏறி தாய்லாந்துக்குப் போ. ஹாட்யாயில் ஒரு ராத்திரி தங்கு. திரும்பி வா. புது ஸ்டாம்ப், புது 30 நாள். எத்தனை வருசம் வேணாலும் ஓட்டலாம்."

பிப்ரவரியில் போனான். மார்ச்சில் ஒருமுறை, ஏப்ரலில் ஒருமுறை தாய்லாந்து போய் வந்தான். இரண்டு தடவையும் சிக்கல் இல்லை. மே மாதம் ஒருநாள் மாலை ஐந்து மணிக்கு எனக்குப் போன் வந்தது. அங்கே இரவு ஏழரை.

"சார், நான் நடுவுல நிக்கிறேன் சார்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மெதுவாகக் கேட்டேன். மலேசியப் பக்கம் புக்கிட் காயு ஹித்தாமில் வெளியேறும் முத்திரை குத்திவிட்டார்கள். தாய்லாந்துப் பக்கம் சடாவில் உள்ளே விடவில்லை. காரணம் எளிது. விசா இல்லாமல் தரைவழியாக வருகிறவர்களுக்கு ஒரு காலண்டர் வருடத்தில் 2 முறைதான் தாய்லாந்து அனுமதி தரும். 2016 டிசம்பர் 31 முதல் உள்ள விதி இது. 2024 ஜூலையில் தங்கும் நாளை 60 ஆக உயர்த்தினார்கள். இந்த எண்ணிக்கையை உயர்த்தவில்லை. இவன் போனது மூன்றாவது முறை. ஏஜென்டின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

திரும்பி மலேசியாவுக்குள்தான் போயாக வேண்டும். "மாசாமாசம் ஏன் வர்றேன்னு கேட்டா என்ன சார் சொல்ல?" என்றான்.

34 வருடம் "உண்மையே பேசு" என்று சொல்லிக்கொடுத்தவன் நான். அன்றைக்கு அந்த வார்த்தை தொண்டையில் நின்றுவிட்டது. வேலை பார்த்தேன் என்று சொன்னால் வழக்கு. பொய் சொல் என்று எந்த வாயால் சொல்வேன்? கடைசியில், "பொய் சொல்லாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஊருக்குப் போறேன்னு சொல்லு, சொன்னபடி கிளம்பிரு" என்றேன். அது சரியான பதில்தானா என்று இன்றுவரை எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மணி நேரம் உட்கார வைத்திருக்கிறார்கள். அவனுடைய 30 நாளில் ஒரு நாள் பாக்கி இருந்தது. அந்த ஒரு நாள்தான் அவனைக் காப்பாற்றியது. வெளியேறும் முத்திரையை ரத்து செய்து, "நாளைக்குள் கிளம்பு" என்று விட்டுவிட்டார்கள். அவன் அம்மா தோட்டை அடகு வைத்து டிக்கெட் போட்டார். அந்த நாளும் தாண்டியிருந்தால்? அனுமதி முடிந்தும் தங்கினால் மலேசியச் சட்டப்படி குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், அல்லது 5 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அதே 2025 மார்ச் 10, 11 தேதிகளில் நம் விமானப்படை விமானங்கள் தாய்லாந்தின் மே சோட்டிலிருந்து 549 இந்தியர்களை அழைத்து வந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டில் நல்ல வேலை என்ற பேச்சை நம்பிப் போய், மியான்மர் எல்லைக்குள் மோசடிக் கூடங்களில் சிக்கியவர்கள். அதை நினைத்தால் நம் பிள்ளை தப்பித்தது பெரிய விஷயம்.

ஆகவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது:

1. "விசா வேண்டாம்" என்றால் "விருந்தாளியாக வந்து போ" என்று அர்த்தம். "வந்து தங்கு, வேலை பார்" என்று அர்த்தம் இல்லை. விருந்தாளியை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்ப ஒவ்வொரு முறையும் அந்த அதிகாரிக்கு உரிமை உண்டு. போன தடவை விட்டார்கள் என்பது இந்தத் தடவைக்கு உத்தரவாதம் ஆகாது.

2. 1950 உடன்படிக்கைப்படி நாம் விசா இல்லாமல் போய்த் தங்கி வேலை பார்க்கக்கூடிய நாடு நேபாளம். மற்ற எல்லைகளை நம் குமுளி மாதிரி நினைக்காதீர்கள்.

3. எல்லை தாண்டும்போது இரண்டு நாட்டு விதியையும் பாருங்கள். ஒரு நாட்டை விட்டு வெளியே வந்துவிட்டு, அடுத்த நாட்டுக்குள் போக முடியாமல் நிற்பது பெரிய கொடுமை. விதிகள் அடிக்கடி மாறும். கிளம்பும் வாரத்தில் அந்தந்தத் தூதரகத்தின் பக்கத்திலேயே பாருங்கள்.

4. வேலைக்கென்றால் வேலை விசாதான். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். மலேசியா, தாய்லாந்து இரண்டும் இ.சி.ஆர். பட்டியல் நாடுகள். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். பத்தாவதை முடி முடி என்று நான் கத்தியதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு!

அந்த மாணவன் இப்போது கூடலூர் குமுளி ஜீப் ஓட்டுகிறான். அம்மாவின் தோட்டைப் போன மாதம் மீட்டுவிட்டான். "பேரு போடாம எழுதுங்க சார், நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று சொன்னதே அவன்தான்.

அடுத்து எந்தப் பிள்ளை ஸ்வீட்டோடு வந்தாலும், வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் சார்