அப்பா நின்னு நின்னு பார்த்த அரண்மனை

செஞ்சிக் கோட்டை நம்ம திருவண்ணாமலையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்து, டாக்டராகி, இங்கேயே கிளினிக் வெச்சிருக்கிற நான், போன தை மாசம் வரைக்கும் அந்தக் கோட்டைக்குள்ள கால் வெச்சதில்ல. உங்கள்ல எத்தனை பேர் என்னை மாதிரி?

இது கொஞ்சம் நீளமான இழை. உங்க வீட்ல அறுபது தாண்டின யாராவது இருந்தா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

எங்கப்பா பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். திண்டிவனம் ரூட். அந்த ரோடு கோட்டை வழியாத்தான் போகும். இந்தப் பக்கம் ராஜகிரி, அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி. "கோட்டை எல்லாம் இறங்கு"ன்னு இருபத்தாறு வருஷம் குரல் கொடுத்தவர், ஒரு நாள்கூட அங்க இறங்கினதில்ல. 2025 ஜூலையில மராட்டியர் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. அதுல தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும்தான். டிவியில அதைப் பார்த்த நாள்லேர்ந்து, "ஒரு தடவை கூட்டிட்டுப் போ பாப்பா"ன்னு கேட்டுட்டே இருந்தார். நானும் "அடுத்த ஞாயித்துக்கிழமைப்பா"ன்னு ஆறு மாசம் ஓட்டிட்டேன்.

ஒரு வழியா போனோம். அப்பாவுக்கு 68 வயசு, பதினஞ்சு வருஷமா சர்க்கரை. அதனால மலை ஏற வேண்டாம், கீழ்க்கோட்டை மட்டும்னு முன்னாடியே பேசி வெச்சிருந்தேன்.

உள்ள போனதும் கண்ணு நேரா கல்யாண மகாலுக்குத்தான் போகும். சதுரமான முற்றம், சுத்தி அறைகள், நடுவுல அடுக்கடுக்கா எழும்பற கோபுரம். ஒவ்வொரு அடுக்கிலயும் வளைவு வளைவா திறப்புகள். சுல்தான்களோட கட்டடங்கள்ல பார்க்கிற அதே கூர்முனை வளைவு. ஆனா உச்சியைப் பார்த்தா கோயில் விமானத்தை ஞாபகப்படுத்தற கூம்புக் கூரை. அரச குடும்பத்துப் பெண்கள் இருந்த இடம்னு சொல்றாங்க. கட்டினது செஞ்சி நாயக்கர்கள். விஜயநகர அரசர்களும் நாயக்கர்களும் சுல்தான்களோட சண்டையும் போட்டாங்க, அவங்க வளைவையும் குவிமாடத்தையும் ஆசையா எடுத்துக்கவும் செஞ்சாங்க. ஹம்பியில தாமரை மகால், மதுரையில திருமலை நாயக்கர் மகால், எல்லாம் இந்தக் கலப்புல பிறந்ததுதான்.

தேசிங்கு ராஜா கதையைச் சொல்லிட்டே நடந்தார் அப்பா. தெருக்கூத்துல விடிய விடியப் பார்த்த கதை. ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து, 1714-ல சின்ன வயசுலயே செத்துப்போன ராஜா. அவனுக்காகக் கல்யாணப் பந்தல்லேர்ந்து எழுந்து ஓடி வந்து உயிரைக் கொடுத்த சிநேகிதன் ஒரு முஸ்லிம். அதே கோட்டைக்குள்ள, ஜெயிச்ச சாதத்துல்லா கான் பேர்ல 1717-18-ல கட்டின மசூதி இன்னிக்கும் நிக்குது. "இந்த வளைவு மாதிரிதான் பாப்பா. யாருது எதுன்னு பிரிக்க முடியாது"ன்னார்.

சொல்லிட்டு நின்னார். கொஞ்ச தூரம் நடந்தார். மறுபடி நின்னு அண்ணாந்து பார்த்தார்.

"என்னப்பா?"

"நின்னு பார்த்தாத்தானே தெரியும்? இருபத்தாறு வருஷம் ஓடற பஸ்லயே பார்த்தாச்சு."

எனக்கு அவ்ளோ சந்தோஷம். அவர் நிக்கும்போதெல்லாம் ஃபோட்டோ எடுத்தேன்.

இந்தக் கோபுரத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது தண்ணி ஏற்பாடு. வெளியே இருந்த குளத்திலிருந்து சுட்ட மண் குழாய் வழியா மேல் அடுக்குகள் வரைக்கும் தண்ணி போயிருக்கு. மோட்டார் இல்லாத காலம்! பக்கத்துல தொல்லியல் துறை வளர்க்கிற புல்வெளி. ராஜா இருந்த அரண்மனையோ தோண்டியெடுத்த அஸ்திவாரமாத்தான் கிடக்குது. புல்லுல உக்காந்து புளிசாதம் சாப்பிட்டோம். குரங்குக்குப் பயந்து பாதியை மூடி வெச்சேன்.

சாப்பிடும்போது அப்பாவுக்கு நான் ஒரு கதை சொன்னேன். 1750-லேர்ந்து 1761 வரைக்கும் இந்தக் கோட்டை பிரெஞ்சுக்காரங்க கையில. ஒரு நேரத்துல நூறு ஐரோப்பியருக்கு மேல அவங்க இங்க வெச்சதில்லையாம். ஆனா பத்து வருஷத்துல 1,200 பேரை இழந்ததா பழைய ஆங்கிலேயக் குறிப்புகள் சொல்லுது. கர்நாடகப் பகுதியிலேயே உடம்புக்கு ஆகாத இடம்னு செஞ்சிக்குப் பேர். காத்து சரியில்லன்னு நெனச்சாங்க. மலேரியாங்கிற இத்தாலிய வார்த்தைக்கே "கெட்ட காத்து"ன்னுதான் அர்த்தம். சுனையும் குளமும் அகழியுமா இருக்கிற இடத்துல கொசுவுக்கா பஞ்சம்? அத்தனை பேரும் மலேரியாவுலதான் செத்தாங்கன்னு சொல்ல முடியாது. ஆனா ஒரு டாக்டரா எனக்கு முதல் சந்தேகம் அதுதான். காதுகிட்டயே ரீங்காரம் போட்டுட்டு இருந்ததை யாரும் சந்தேகப்படல. 1897-ல செகந்திராபாத்துல ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவோட வயித்துல மலேரியாக் கிருமியைப் பார்த்த பிறகுதான் உலகத்துக்கே புரிஞ்சுது.

இவ்ளோ விவரமாப் பேசின டாக்டரம்மா அன்னிக்கு எதைப் பார்க்கலன்னு இப்ப சொல்றேன்.

ராத்திரி வீட்டுக்கு வந்து குடும்ப குரூப்ல போட ஃபோட்டோ தேடினேன். அப்பா நின்ன ஃபோட்டோ ஏழு. அதுல நாலுல அவர் இடது கை தாடையைப் பிடிச்சிட்டு இருக்கு. முதல் ஃபோட்டோவுல ஏதோ யோசிக்கிறார்னு நெனச்சேன். நாலாவதுல எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

போய்க் கேட்டேன். "அது பல்லு வலி பாப்பா. நடந்தா வரும், நின்னா போயிடும்."

நடந்தா வர்ற பல்வலின்னு ஒண்ணு கிடையாதுங்க.

அப்பத்தான் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு. மாசம் தவறாம பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் போறவர், நாலு மாசமாப் போகல. கேட்டதுக்கு "கூட்டம் அதிகம்"னார், நம்பிட்டேன். மாடியிலிருந்த படுக்கையைக் கீழ மாத்திக்கிட்டார். "முட்டி வலி"ன்னார், தைலம் வாங்கிக் கொடுத்தேன். தினமும் எத்தனையோ பேர்கிட்ட "நடந்தா மூச்சு வாங்குதா?"ன்னு கேட்கிறவ, வீட்ல ஒருத்தரைக் கேட்கல.

காலையில ஈசிஜி நார்மல். எக்கோவும் பெரிசா குறை சொல்லல. ஆனா இதய நிபுணர் அந்த நாலு ஃபோட்டோவையும் பார்த்துட்டு, தாமதிக்காம ஆஞ்சியோகிராம் எடுத்தார். இதயத்தோட முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோற முக்கியமான குழாய்ல 90 சதவீதம் அடைப்பு. அன்னிக்கே ஸ்டென்ட் வெச்சாங்க.

ஈசிஜி நார்மல்னா எப்படி அடைப்புன்னு கேட்பீங்க. அந்த மண் குழாயை நெனச்சுக்கோங்க. உள்ள பாதிக்கு மேல பாசி அடைச்சிருந்தாலும் ஒரு குடம் தண்ணி வேணும்கிறப்போ தெரியாது. பத்துக் குடம் ஒரே நேரத்துல கேட்டாத்தான் பத்தாமப் போறது தெரியும். இதயமும் அப்படித்தான். படுத்திருக்கும்போது அதுக்கு வேண்டியது கம்மி. நடக்கும்போதுதான் கூடுதல் ரத்தம் கேட்கும், அப்பத்தான் வலிக்கும். படுக்க வெச்சு எடுக்கிற ஈசிஜி நார்மலா இருக்கிறதை மட்டும் வெச்சு அடைப்பு இல்லன்னு சொல்ல முடியாது.

அதனால சில விஷயங்களை மனசுல வெச்சுக்கோங்க.

நடந்தா, படி ஏறினா வந்து, நின்னா போற எந்தத் தொந்தரவும் இதயமா இருக்கலாம். நெஞ்சுலதான் வரணும்னு இல்ல. தாடை, கழுத்து, இடது கை, முதுகு, மேல் வயிறுன்னு எங்கேயும் வரலாம்.

சர்க்கரை இருக்கிறவங்களுக்கு வலியே தெரியாமப் போகலாம். பெண்களுக்கும் வயசானவங்களுக்கும் வழக்கமான நெஞ்சுவலி இல்லாம வரலாம். மூச்சு வாங்கறது, வேர்க்கறது, திடீர் அசதி, இதுவே அறிகுறி.

சும்மா இருக்கும்போதே நெஞ்சு வலிச்சு சில நிமிஷத்துல போகலன்னா, "கேஸ்"னு சோடா குடிச்சிட்டு உக்காராதீங்க. உடனே 108.

கடைசியா ஒண்ணு. வயசானவங்க "முடியல"ன்னு சொல்ல மாட்டாங்க. "கூட்டம்", "வெயில்", "அப்புறம் போலாம்", இப்படித்தான் சொல்வாங்க. போன வருஷம் செஞ்சிட்டு இருந்த எதை இந்த வருஷம் விட்டுட்டாங்கன்னு மட்டும் கவனிங்க.

ரெண்டு மாசம் கழிச்சு, நடக்கலாம்னு இதய நிபுணர் அனுமதி கொடுத்த பிறகு, மறுபடி செஞ்சிக்குப் போனோம். அதே கல்யாண மகால், அதே வழி. இந்தத் தடவை அப்பா எங்கேயும் நிக்கல. நான்தான் பின்னாடி ஓடினேன்.

"என்னப்பா, வளைவெல்லாம் நின்னு பார்க்கலையா?"

திரும்பிக்கூடப் பார்க்கல.

"அதெல்லாம் போன தடவையே பார்த்தாச்சு. நீ சீக்கிரம் வா."