வெயிலும் தரையின் பிடியும்

தென்காசி என்றவுடன் வெளியூராருக்கு ஆனி, ஆடி மாதங்களின் சாரலும் குற்றாலத்து அருவிகளுமே நினைவுக்கு வருவதால், அதற்கு முந்தைய சித்திரையிலும் வைகாசியிலும் அதே மண் எவ்வளவு காய்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அருவி வறண்டு பாறை மட்டும் தெரியும் அந்த வாரங்களில், நிழலே இல்லாத திறந்த வெளியில் நாள் முழுவதும் கிடக்கும் தண்டவாளம், காற்றின் வெப்பநிலையைவிட 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை கூடுதலாகச் சூடேறிவிடுகிறது. காற்று 38 டிகிரியைத் தொடும் பிற்பகலில் அந்த இரும்பின்மேல் கை வைக்க இயலாது.

சூடேறிய எஃகு நீள்கிறது. அது நீளும் அளவு சிறியதே: ஒரு டிகிரிக்கு, தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய பதினொன்றரைப் பங்கு. ஆயினும் நீளம் கூடக்கூட இச்சிறு பங்கு பெருகி, ஒரு கிலோமீட்டர்த் தண்டவாளம் 30 டிகிரி சூடேறும்போது ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் நீளத் துடிக்கும். தமிழ்நாட்டில் இக்கணக்கைப் பெரும்பொறுப்புடன் கையாண்ட பழைய முயற்சிகளுள் ஒன்று, 1802இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே நில அளவையாளர் வில்லியம் லாம்டன் செய்த அடிக்கோட்டு அளவை; நில அளவை முழுவதற்கும் அடிப்படையாகும் முதற்கோட்டை ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவுக்கு 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்த அவர், சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, கூடாரத்தால் நிழலிட்டு, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு அளவையும் வெப்பத்துக்கு ஏற்பத் திருத்திக்கொண்டார். ஒரு டிகிரி தவறாகக் கணக்கிடப்பட்டிருந்தாலும் அந்தத் தொலைவில் 14 சென்டிமீட்டர் அளவுக்குப் பிழை புகுந்திருக்கும்.

கொல்லத்தையும் செங்கோட்டையையும் மலை வழியே இணைத்து 1904இல் மீட்டர்கேஜ் பாதை திறக்கப்பட்ட காலத்துப் பொறியாளர்கள், இந்த நீட்சிக்கு இடம் விடுவதையே வழியாகக் கொண்டிருந்தனர். ஏறக்குறைய 12 மீட்டர் நீளமுள்ள துண்டுத் தண்டவாளம் 30 டிகிரிக்கு நான்கு மில்லிமீட்டரே நீளும் என்பதால், இரண்டு துண்டுகளுக்கு நடுவில் சிறு சந்து விட்டு, இருபுறமும் ஃபிஷ்பிளேட் எனப்படும் இணைப்புப் பட்டையை வைத்து போல்ட்டால் முடுக்கினால், கோடையில் சந்து மூடிக்கொள்ளும், மார்கழியில் திறந்துகொள்ளும். பழைய ரயில் பயணத்தின் ‘தடக் தடக்’ ஓசை இந்தச் சந்துகளின் ஓசைதான். ஆனால் ஒவ்வொரு சக்கரமும் ஒவ்வொரு சந்திலும் இடித்துச் செல்வதால் தண்டவாளத்தின் முனை நைந்து, கீழேயுள்ள ஜல்லி இறங்கியது. பட்டைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே துரு ஏறிவிட்டால் சந்து இருந்தும் நகர முடியாது என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை, கோடை வருமுன்பே, குளிர் மாதங்களில் இணைப்புகளைக் கழற்றி கிரீஸ் பூச வேண்டியிருந்தது. பாதையோர மக்களின் கண்ணில் அதிகம் படாத இந்தச் சிறு வேலைதான் கோடையின் பாதுகாப்பைப் பங்குனிக்கு முன்பே தீர்மானித்தது.

இன்றைய அகலப்பாதையின் வழி இதற்கு நேர் எதிரானது. துண்டுகளை ஒன்றோடொன்று பற்றவைத்து, கிலோமீட்டர்க் கணக்கில் சந்தே இல்லாத ஒரே தண்டவாளமாக்கி, அதை நீளவிடாமல் பிடித்துவைக்கிறார்கள். இவ்வாறு பற்றவைத்த நெடுந்தண்டவாளத்தின் இரு முனைகளிலும் ஏறத்தாழ நூறு மீட்டர் நீளப் பகுதி மட்டுமே அசையும், அந்த அசைவை வாங்கிக்கொள்ள ஸ்விட்ச் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் என்ற அமைப்பு உண்டு, நடுப்பகுதியோ இம்மியும் நகர்வதில்லை. நீள முடியாத எஃகு தன் நீட்சியை அழுத்தமாக மாற்றிக்கொள்கிறது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் இந்த அழுத்தம் டிகிரிக்கு ஏறக்குறைய 1.9 டன்; 30 டிகிரிக்கு 57 டன்; இரண்டு தண்டவாளங்களுக்கும் சேர்த்து நூறு டன்னுக்கு மேல். இதில் வியப்பு என்னவெனில், இந்த விசைக்கும் தண்டவாளத்தின் நீளத்துக்கும் தொடர்பே இல்லை என்பது. ஒரு கிலோமீட்டராயினும் பத்து கிலோமீட்டராயினும் அதே 57 டன்தான்.

இத்தனை விசையை அடக்கி வைத்திருப்பது எது என்று கேட்டால், விடை மிக எளிய பொருளில் முடிகிறது: கருங்கல் ஜல்லி. தண்டவாளத்தை இறுகப் பற்றியிருக்கும் கான்கிரீட் கட்டைகள் ஜல்லிக்குள் புதைந்திருக்க, கட்டையின் முனைக்கு வெளியே ‘தோள்’ எனப்படும் மேடாகக் கொட்டப்பட்ட ஜல்லி பக்கவாட்டு அசைவைத் தடுக்கிறது. பாதை முற்றிலும் நேராக இருக்கும் வரை அழுத்தம் நீளவாக்கில் உள்ளேயே தங்கிவிடுகிறது. எங்கேனும் சில மில்லிமீட்டர் கோணல் இருந்து, அவ்விடத்தில் ஜல்லியும் தளர்ந்திருந்தால், அந்தக் கோணலைப் பற்றிக்கொண்டு பாதை ஒரே கணத்தில் பாம்புபோல் நெளிந்துவிடும். ஆகவே வெயில் தண்டவாளத்தை வளைத்துவிட்டது என்று சொல்வது பாதி உண்மையே. வெயில் விசையைத் தருகிறது, அதற்கு வழிவிடுவது தரை.

இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் அகலப்பாதைப் பணியில் மண்வேலைக்கு இருந்த பங்கு விளங்கும். திருநெல்வேலி–தென்காசிப் பாதை 2012இலும், 2010இல் மூடப்பட்ட செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை 2018இலும் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டன. நூறாண்டு ரயில் ஓடி இறுகிய பழைய கரையின் ஓரத்தில் புதுமண்ணைச் சும்மா கொட்டினால் இரண்டும் ஒட்டாது. பழைய சரிவில் படிபோல் வெட்டி, புதுமண்ணை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் ஈரம் பார்த்து உருளையால் இறுக்க வேண்டும். தென்காசியை ஒட்டிய செம்மண் இதற்குப் பெரும்பாலும் இணங்கிவரும். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலோ ஈரத்தில் ஊதி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் இயல்புடையது. அந்த வெடிப்பு வெப்பத்தின் விரிவால் அன்று, ஈரம் போவதால் வருவது. எனினும் தண்டவாளம் மிகுதியாக அழுத்தப்படும் அதே மாதங்களில்தான் கரிசலும் வெடித்துச் சமன் குலைகிறது என்பதை எண்ணும்போது, இரண்டும் தனித்தனி இயலாகப் படிக்கப்பட்டாலும் பாதையில் ஒன்றாகவே வந்து சேர்வது புலப்படும்.

பகவதிபுரத்தைக் கடந்து ஆரியங்காவுக் கணவாய்க்குள் ஏறும் பாதையில் இச்சிக்கல் வேறு உருக்கொள்கிறது. வளைவான தண்டவாளம் சூடேறும்போது இயல்பாகவே வெளிப்புறம் தள்ளும் என்பதால், 440 மீட்டர் ஆரத்துக்கும் கூர்மையான வளைவுகளில் நெடுந்தண்டவாளம் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. மலை வளைத்த இடங்களில் பழைய சந்து முறைக்கே திரும்ப நேர்கிறது. இப்பாதையின் குகைக்குள் வெயிலே படாத தண்டவாளம் குளிர்ந்திருக்க, குகை வாய்க்கு வெளியே அதன் தொடர்ச்சி காய்ந்து கிடக்கும்.

இதே நியாயம் ஊருக்குள் வீடுகளிலும் செயல்படுகிறது. பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு மண்ணில் அரை மீட்டர் ஆழத்துக்குள் ஏறக்குறைய மறைந்துவிடுவதால் அஸ்திவாரம் அசையாது கிடக்க, நேர்வெயில் வாங்கும் கான்கிரீட் மேல்தளம் மட்டும் நாள்தோறும் நீண்டு சுருங்குகிறது. 12 மீட்டர் நீளத் தளம் 25 டிகிரிக்கு மூன்று மில்லிமீட்டர் நீளும். நின்ற தரைக்கும் நகரும் கூரைக்கும் நடுவே அகப்பட்ட சுவர், தளத்துக்குச் சற்றுக் கீழே கிடைக்கோடாக வெடிக்கிறது. காய்ந்த தளத்தின்மீது திடீரென்று சாரல் விழும் ஊரில் இது கூடுதலாகவே நிகழக்கூடும். கான்கிரீட்டும் உள்ளிருக்கும் கம்பியும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவது கட்டுமானத்துக்குக் கிடைத்த பெரும்பேறு; இல்லையெனில் கம்பியே கான்கிரீட்டைப் பிளந்திருக்கும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கட்டையால் நாள்கணக்கில் தளம் அடித்து, மேலே தட்டோடு பதித்த முந்தைய தலைமுறைக் கொத்தனார்கள் கூரையை வெயிலிலிருந்து மறைத்தார்கள். வேலை நீள்கிறது என்பதற்காக அந்த அடுக்கைத் தவிர்க்கும் இன்றைய வழக்கம் வருந்தத்தக்கது. சுவர் வெடித்தபின் அஸ்திவாரத்தைக் குறை சொல்வது பல வேளைகளில் அதன் தொடர்ச்சி.

பாதையில் அப்படித் தவிர்க்க இடமில்லை. நெடுந்தண்டவாளத்தைப் பிணைப்புகள் நீக்கி, உருளைகள்மேல் தூக்கி, தன் இயல்பான நீளத்துக்கு வரவிட்டு, அவ்வட்டாரத்தின் சராசரி வெப்பத்துக்குச் சற்று மேலான ஒரு வெப்பநிலையில் மறுபடி பிணைப்பதை டீஸ்ட்ரெஸ்ஸிங் என்பார்கள். அந்த வெப்பநிலையில் தண்டவாளத்துக்குள் இழுவையும் இல்லை, அழுத்தமும் இல்லை. அதற்கு மேல் பத்து டிகிரி ஏறிவிட்டால் ஜல்லியைக் கிளறும் வழக்கமான பராமரிப்புக்கு அனுமதி இல்லை. கிளறிய ஜல்லி பிடிப்பை இழந்திருக்கும் என்பதே காரணம், ஆகையால் கோடையில் காங்மேன்களின் வேலை விடியற்காலைக்கு நகர்கிறது. அதே வெப்பநிலையைவிட இருபது டிகிரிக்கு மேல் ஏறினால் வெயிற்காலக் காவல்நடை தொடங்கி, ஊர் கதவடைத்துக் கிடக்கும் உச்சிப் பொழுதில் ஓர் ஊழியர் பாதை நெடுகிலும் நடந்து, தோள் ஜல்லி குறைந்த இடத்தையும் சிறு கோணலையும் கண்ணால் தேடுகிறார். கணவாய்க் காற்று திரும்பி முதல் சாரல் விழுந்ததும் தண்டவாளம் குளிர்ந்து அந்த நடை நிற்கிறது. மலைச்சரிவில் மண் இளகிக் கரை அரிக்கும் பருவம் வந்துவிட்டதால், கையில் விளக்கோடு மழைக்காலக் காவல்நடை தொடங்குகிறது.