உம்மாவின் அறைக்கு ஒரு சீலிங்

சித்திரை மாதப் பகலில் அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே படுத்தவர்களுக்கு அந்த வெக்கையை விளக்கத் தேவையில்லை. காலை பத்து மணிக்கே சீற் சூடேறத் தொடங்கும். ழுஹருக்குப் பிறகு ஃபேன் போட்டால் அது சூட்டைத்தான் கலக்கித் தரும். உம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு முற்றத்து மாமரத்தடிக்குப் போய்விடுவா. போன வருடம் காலில் சத்திரசிகிச்சை செய்ததிலிருந்து அந்த நடையும் ஏலாமல் போனது. அறைக்குள்ளேயே கிடந்து வியர்த்தா.

எங்களுடையது சுனாமிக்குப் பிறகு கிடைத்த வீடு. கட்டித் தந்தவர்களைக் குறை சொல்லி நன்றி கெட்டவர்களாக மாட்டோம். ஆனால் 2004 இல் கடல் கொண்டுபோன கிடுகு வீட்டில் பகல் தூக்கம் இருந்தது. கிடுகு அடுக்குகளுக்குள் காற்று நிற்கும், சூடு லேசில் இறங்காது. மெல்லிய சீற்றுக்கு அந்தக் குணம் இல்லை.

வாப்பா முப்பது வருடம் மேசன் வேலை செய்தவர். ஊரில் அவர் பூசாத தெரு இல்லை. எங்கள் வீட்டு உள்சுவர் மட்டும் கல் தெரியக் கிடந்தது. காசு வந்த நேரமெல்லாம் எங்கள் படிப்புக்குப் போனது. பிறகு நாங்கள் உழைத்துச் சேர்த்தபோது 2022 வந்தது, ஒரு பை சீமெந்து மூவாயிரம் ரூபாயைத் தாண்டியது. இப்போது வாப்பாவின் முழங்கால் ஏணி ஏற விடாது. வீட்டு ஆண்கள் இருவரும் கட்டாரில். ஆகவே இந்த ஏப்ரல் விடுமுறையில் ராத்தாவும் தங்கச்சியுமாக நாங்களே ஏறினோம்.

பக்கத்து வீட்டு மாமி வேலியால் எட்டிப் பார்த்து, "ஏன் புள்ள, ரெண்டு ஆம்பிளையளக் கூலிக்குப் பிடிச்சா என்ன?" என்றா. வாப்பா கதிரையில் இருந்தபடியே, "கூலிய நீங்க தாறீங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு மாமி தேத்தண்ணிதான் அனுப்பினா.

கூரை வேலைக்கு வாப்பா போட்ட முதல் சட்டம்: பழைய சீற்றில் துளை போடக்கூடாது, அறுக்கக்கூடாது, காய்ந்த தும்புத்தடியால் தட்டவும் கூடாது. அஸ்பெஸ்டஸ் தூசு நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும், அதுவும் பல வருடம் கழித்து. முகக்கவசம் போட்டு, உள்பக்கத்தை ஈரத் துணியால் மட்டும் துடைத்தோம். அந்தத் துணியைக் கழுவாமல் பொலித்தீன் பைக்குள் கட்டி ஒதுக்கினோம்.

அலுமினியப் ஃபோயிலைச் சீற்றோடு ஒட்டவில்லை. கைமரத்தின் கீழ்ப்பக்கத்தில் இழுத்து அடித்தோம், மினுங்கும் பக்கம் கீழே பார்க்க. ஃபோயிலின் வேலை, கதிராக வரும் சூட்டைத் தடுப்பது. அதற்குப் பக்கத்தில் காற்று இடைவெளி வேண்டும். சீற்றில் ஒட்டினால் அலுமினியம் சூட்டைக் கடத்திவிடும். மினுங்கும் பக்கம் மேலே இருந்தால் தூசு படிந்து ஒரு வருடத்தில் மங்கிவிடும். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் சேரும் சூட்டுக்காற்று வெளியேற, சுவர் உச்சியில் இரண்டு பக்கமும் துவாரம் விட்டுக் கம்பிவலை அடித்தோம். வலை எலிக்காக. இந்தத் துவாரத்தை மறந்து சீலிங் அடித்த வீடுகளைப் பார்த்திருக்கிறோம், காசு செலவழித்தும் புழுக்கம்தான். அதன் பிறகே சட்டம் கட்டி சீலிங் பனலைப் பொருத்தினோம்.

பூச்சு வேறு கதை. பூச்சு வெக்கையைத் தடுக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம், அரை அங்குலச் சாந்து பெரிதாக எதையும் தடுக்காது. கல் இடுக்கில் தூசும் எறும்பும் பூச்சியும் குடியிருந்ததால்தான் பூசினோம். வெக்கைக்காகச் செய்தது, வெயில் அடிக்கும் மேற்குச் சுவரின் வெளிப்பக்கத்துக்கு வெள்ளை அடித்ததுதான்.

சீமெந்து ஒன்றுக்கு மணல் ஐந்து. கடல் மணல் சும்மா கிடைக்கிறதே என்று கேட்டவர்களுக்கு வாப்பா முகம் கொடுக்கவில்லை. உப்பு பூத்துப் பெயின்ட் உரியும், உள்ளே கம்பி இருந்தால் துருப்பிடிக்கும். ஆற்று மணலை அரித்து எடுத்தோம். சுவரை முதல்நாள் மாலையே நனைத்தோம். காய்ந்த கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும், பிறகு வெடிக்கும். தூக்குக்குண்டு பிடித்து, ஒரே கனத்தில் அங்கங்கே சாந்துத் திட்டு வைத்து, அவற்றுக்கு இடையில் நிரப்பி, மட்டப்பலகையைக் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். சாந்தை அப்பக்கூடாது, சாந்தகப்பையில் எடுத்து மணிக்கட்டால் எறிய வேண்டும். பாதி கீழே விழும். விழுந்ததை வாப்பா பார்க்காத மாதிரி இருந்தார், பலகையின் கோணத்தை மட்டும் திருத்தினார். மூன்றாம் நாள் தோள் தூக்க முடியவில்லை. கரும்பலகையில் மேல்வரி எழுதுகிற கைதானே என்று தங்கச்சி சிரித்தாள்.

பூசி முடித்து ஏழு நாள் காலை மாலை தண்ணீர் அடித்தோம். எட்டாம் நாள் வாப்பா ஐந்து ரூபாய்க் குத்தியை எடுத்துச் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். உள்ளே பிடிக்காத இடம் இருந்தால் வெறுமைச் சத்தம் கேட்கும். மூலை வரை தட்டினார். ஒன்றும் சொல்லாமல் குத்தியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ழுஹருக்குப் போனார்.

அல்ஹம்துலில்லாஹ், உம்மா இப்போது அஸர் பாங்கு வரை தூங்குறா. முன்னறைக்குப் போட அரைச் சுருள் ஃபோயில் மிச்சம் கிடக்கிறது. டிசம்பர் விடுமுறையில் மாரி மழை, பூச்சு லேசில் காயாது. ஆகஸ்டிலேயே தொடங்க வேண்டும் என்று வாப்பா இப்போதே மணலுக்குச் சொல்லி வைத்துவிட்டார்.