கரும்பு வண்டி சொன்ன கம்ப்யூட்டர் பாடம்

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் பஸ் ஏறி உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்திலேயே மேற்கே கல்வராயன் மலை நீலக் கோடாகத் தெரிய ஆரம்பித்துவிடும். சாலையின் இரண்டு பக்கமும் கரும்பு, நெல், மரவள்ளி. அரவைக் காலமாக இருந்தால் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் ஊர்ந்துகொண்டிருக்கும். கச்சிராயபாளையத்தில்தான் கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அது ஓடும் மாதங்களில் காற்றிலேயே வெல்லப்பாகு வாசனை.

இந்த முறை நான் போனது மலையைப் பார்க்க அல்ல. அக்கா மகள் கல்லூரியில் மூன்றாம் வருடம். புராஜெக்ட் கொடுக்க இரண்டு வாரம்தான் பாக்கி. கையில் இருப்பது அவள் அண்ணன் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் நம் கிராமங்களில் எத்தனையோ வீடுகளில் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். இந்த வீட்டிலும் அப்படித்தான்.

"மாமா, இத ஆன் பண்ணி வெச்சுட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடலாம். அப்பவும் சுத்திக்கிட்டேதான் இருக்கும்" என்றாள்.

அக்கா முந்தானையில் முடிந்திருந்த பணத்தை எடுத்து வைத்தாள். "கரும்புப் பணத்துல மிச்சம் இவ்ளோதான் தம்பி. மூவாயிரம். கடைக்காரர் புதுசு வாங்கச் சொல்றாரு. அதுக்கு நான் எங்க போவேன்?"

தோழிகள் ரேம் போடச் சொன்னார்களாம். பக்கத்து வீட்டுப் பையன் பேட்டரி என்றானாம். மூவாயிரத்தில் ஒன்றுதான் வாங்க முடியும். தப்பானதை வாங்கிவிட்டால் அடுத்த கரும்பு வெட்டு வரை காத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் அவளை அழைத்துக்கொண்டு ஆலைப் பக்கம் நடந்தேன். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நின்றன. கரும்பை வெட்டிய பிறகு சீக்கிரம் அரைத்துவிட வேண்டும். காயக் காய எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். அந்தக் கவலை டிரைவர்கள் முகத்தில் தெரிந்தது.

"ஆலையில அரைக்கிற மெஷின்தான் உன் லேப்டாப்போட பிராசஸர். உள்ளே கரும்பு இறக்கி வைக்கிற இடம் ரேம். காட்டுலேர்ந்து கரும்பு வர்ற ரோடு ஹார்ட் டிஸ்க். ரோடு குண்டும் குழியுமா இருந்தா, இடத்தைப் பெருசாக்கி என்ன லாபம்?"

"அப்ப எது மோசம்னு எப்படித் தெரியும் மாமா?"

அதற்கு காசே வேண்டாம். வீட்டுக்கு வந்து லேப்டாப்பை ஆன் செய்தோம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். எதையும் திறக்காத நிலையிலேயே டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது. மெமரி 60-ஐத் தாண்டவில்லை. சிபியு சும்மா இருந்தது. நோய் பிடிபட்டுவிட்டது.

உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பாருங்கள். வழக்கமாகச் செய்யும் வேலைகளைத் திறந்து வைத்த பிறகு மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால், முதல் செலவு ரேமுக்கு. ஏனென்றால் ரேம் போதாதபோது கம்ப்யூட்டர் டிஸ்க்கையே ரேம்போலப் பயன்படுத்தும், டிஸ்க்கும் திணறும். மெமரியில் இடம் இருந்தும் டிஸ்க் மட்டும் 100-ல் நின்றால், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள். பழையது நொடிக்குச் சுமார் 100 எம்.பி. படிக்கும். சாதாரண எஸ்.எஸ்.டி.யே சுமார் 500 எம்.பி. படிக்கும். பிராசஸரைப் பற்றி யோசிக்க வேண்டாம், பெரும்பாலான லேப்டாப்களில் அதை மாற்றவே முடியாது. சார்ஜர் பக்கத்திலேயே இருக்கும் வீட்டில் பேட்டரியும் காத்திருக்கலாம்.

ரேம் வாங்குவதாக இருந்தால் டி.டி.ஆர்.3-யா, 4-ஆ என்று பார்த்து வாங்குங்கள். ஒன்று மற்றதில் பொருந்தாது. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை வாங்கிக் குவிப்பதால் 2025 கடைசியிலிருந்து உலகமெங்கும் ரேம் விலை ஏறியிருக்கிறது. தேவையில்லாமல் வாங்கினால் இரட்டை நஷ்டம்.

மறுநாள் கள்ளக்குறிச்சி கடையில் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வாங்கினோம். பழைய டிஸ்க்கைப் போட ஒரு யு.எஸ்.பி. பெட்டியும் வாங்கினோம். இரண்டும் மூவாயிரத்துக்குள் அடங்கின. கடைப் பையன் பழைய டிஸ்க்கைக் கழற்றி, "இதை அழிச்சிடலாமா?" என்று கேட்டான்.

"வேணாம்ண்ணா!" என்று கத்தியேவிட்டாள். அதில் அவள் அப்பா இருந்தார். போய் நான்கு வருடமாகிறது. மலையில் மேகம் அருவிக்குக் குடும்பமாகப் போனபோது எடுத்த படங்கள், வேறு எங்கும் இல்லை. முதலில் படங்களை என் போனிலும் ஒரு பென் டிரைவிலும் நகல் எடுத்தோம். அதன் பிறகுதான் புது டிஸ்க்கை மாட்டவிட்டேன். எந்த பாகத்தை மாற்றினாலும் முதல் வேலை இதுதான்.

இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. பழைய பிராசஸர்களுக்கு விண்டோஸ் 11 கிடைக்காது. அதனால் இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டோம். புராஜெக்ட் டைப் செய்யவும் இன்டர்நெட் பார்க்கவும் அது தாராளம்.

ஊருக்குக் கிளம்பும் முன் கோமுகி அணைக்குப் போனோம். மலையில் பெய்த மழையெல்லாம் இங்கேதான் வந்து நிற்கிறது. கரையில் உட்கார்ந்து அக்கா அந்தப் படங்களை என் போனில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதுவும் பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்து போன் வந்தது. புராஜெக்ட் கொடுத்தாயிற்றாம்.

"லேப்டாப் எப்படிம்மா ஓடுது?"

"மாட்டுக்குத் தண்ணி காட்ட நேரமே கிடைக்கல மாமா!"