சுண்ணாம்பும் ஒரு மூக்குக் கண்ணாடியும்

"மலருக்கு ஏதாச்சும் எழுதிக் குடுடா" என்று நமது சங்கச் செயலாளர் கேட்டபோது, "எனக்குக் கவிதை வராதே!" என்று தப்பிக்கப் பார்த்தேன். "அப்பாடா, ரொம்ப நல்லதாப் போச்சு. இதுவரைக்கும் வந்ததெல்லாம் காதல் கவிதைதான். நீ உருப்படியா ஒரு கட்டுரை குடு" என்று சொல்லிவிட்டான். உருப்படியாக எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்த கதை. இதில் ஒரு தப்பும் இருக்கிறது. தப்பு என்னுடையது. ஆகவே தைரியமாக எழுதலாம்!

எங்கள் ஊர் நாமக்கல் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். அப்பா லாரி ஓட்டுகிறார். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார். ஒரு பசுமாடும் உண்டு. வீடு தாத்தா காலத்து ஓட்டு வீடு. மண் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. முன்னால் 20 அடிக்கு 10 அடியில் ஆசாரம், பின்னால் பத்துக்குப் பத்தில் இரண்டு அறைகள். சுவர் உயரம் 9 அடி. (எஸ்டிமேட்டிங் படித்தவன் வேறு எப்படி எழுதுவான்!)

பொங்கல் நோம்பி வந்துவிட்டால் அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் கை ஓயாது. மார்கழி பாதியிலேயே வேலை ஆரம்பமாகிவிடும். பரண் மேலிருக்கும் பாத்திரங்கள் புளி போட்டு விளக்கப்படும். ஒட்டடை அடிப்பார்கள். பொடக்காளியில் வழிகிற தண்ணீர் வாழைக்குப் போக வாய்க்கால் திருத்துவார்கள். ஆடியில் ஊன்றிய அவரை அப்போதுதான் பந்தல் கொள்ளாமல் பூத்திருக்கும். அசுவினி விழுந்தால் அப்பத்தா விடியற்காலையில், இலையில் பனி ஈரம் இருக்கும்போதே அடுப்புச் சாம்பலைத் தூவுவார். கடைசியாக வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக் காவிப் பட்டை போடுவார்கள். போகியன்று பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை சேர்த்துக் காப்புக் கட்டிவிட்டால் வீடு புதுப்பெண் மாதிரி ஆகிவிடும். இத்தனைக்கும் ஆகிற செலவு மிகக் கொஞ்சம்.

இது எனக்குப் பெருமையாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லையே!

2024 பொங்கலுக்கு ஹாஸ்டல் நண்பர்கள் மூன்று பேர் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள். அப்போது நான் இரண்டாமாண்டு. மூவரில் ஒருவன் வீட்டுக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். டைல்ஸ் தரை, வழவழவென்று பெயிண்ட் அடித்த சுவர். 'சாய்ந்தால் சட்டையில் ஒட்டுகிற சுண்ணாம்புச் சுவருக்கு இவர்களைக் கூட்டி வருவதா?' என்று எனக்குள் ஒரு கூச்சம்.

அம்மாவிடம் போய், "இந்தத் தடவ சுண்ணாம்பு வேண்டாம்மா. எமல்ஷன் அடிக்கலாம். வருசா வருசம் அடிக்கிற வேலை மிச்சம். கணக்குப் பார்த்தா இதுதான் லாபம்" என்றேன்.

"மண்ணுச் சுவத்துக்கு அது நிக்குமா கண்ணு?" என்று அம்மா கேட்டார்.

"நான் சிவில் படிக்கிறேன்மா!" என்றேன். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சிவந்துவிடும். அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மகளிர் குழுவில் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்து வந்து கொடுத்தார். ஆசாரத்துக்கும் வாசல் பக்கச் சுவருக்கும் மட்டும், மொத்தம் 720 சதுர அடி. பட்டி, பிரைமர், பெயிண்ட், ஆள் கூலி எல்லாம் சேர்ந்து 11,000 ரூபாய் ஆனது. மாம்பழ நிறத்தில் சுவர் பளபளத்தது. அப்பத்தா மட்டும் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் தடவுன மாதிரி இருக்குது. சுவருக்குப் புழுங்காதாடா சாமி?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

நண்பர்கள் வந்தார்கள், பொங்கல் சாப்பிட்டார்கள், மாட்டோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போகிறபோது ஒருவன், "உங்க வீட்டு அவரைக்கா பொரியல் மாதிரி நான் சாப்பிட்டதே இல்லடா" என்றான். சுவரைப் பற்றி ஒருத்தனும் ஒரு வார்த்தை பேசவில்லை!

ஐப்பசி, கார்த்திகை மழை வந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது ஆசாரத்துச் சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. அடுத்த தடவை போகும்போது மூன்றடிக்கு ஏறியிருந்தது. விரலால் தட்டினால் பெயிண்ட் அப்பளம் போல உரிந்து விழுந்தது. உள்ளே மண் ஈரமாக, மாவு மாதிரி உதிர்ந்தது.

கல்லூரிக்கு வந்து எங்கள் விரிவுரையாளரிடம் கேட்டேன். அவர் திட்டவில்லை. "உங்க வீட்டு அஸ்திவாரத்துல டி.பி.சி. இருக்கா?" என்றார். தாத்தா காலத்து வீட்டில் ஈரம் தடுக்கும் அடுக்கு ஏது? தரையின் ஈரம் மண் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. ஏறிய ஈரம் அதன் வழியாக வெளியே போய்விடும். நான் அடித்ததோ பிளாஸ்டிக் படலம். ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. "புழுங்காதாடா சாமி" என்று அப்பத்தா கேட்டதும் இதைத்தானே! பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாத அப்பத்தாவுக்குத் தெரிந்தது, நான்கு செமஸ்டர் எழுதிய எனக்குத் தெரியவில்லை.

பணம் போனது மட்டும் என்றால் 'அனுபவம்' என்று எழுதிவிட்டு முடித்திருப்பேன். அதே கார்த்திகையில் ஒரு நாள், பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் ஜாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். கழுத்துத் தையல் கோணல். அம்மா தையலில் கோணலா? நான் நம்பவில்லை. அன்றைக்கு ராத்திரி தங்கைதான் மெதுவாகச் சொன்னாள். "அம்மாவுக்கு ஒரு வருசமாவே கிட்டத்துல சரியாத் தெரியறதில்லீங்கண்ணா. ஊசில நூலுகூட நாந்தான் கோத்துக் குடுக்கிறேன். கண்ணாடி போடவும் மிசினுக்கு மோட்டார் வைக்கவும்தான் அந்தக் காசு சேத்து வச்சிருந்தாங்க. நீங்க கேட்டீங்கன்னு குடுத்துட்டாங்க."

நண்பர்களே, அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. யாரோ மூன்று பேர் பார்க்க வேண்டும் என்று நான் அடித்த பெயிண்ட், என் அம்மா பார்க்க வேண்டிய காசு! மாசாமாசம் எத்தனை ஜாக்கெட்டை அம்மா முடியாது என்று திருப்பி அனுப்பினாரோ! எந்த எஸ்டிமேட்டிலும் அந்தக் கணக்கை நான் சேர்க்கவில்லை.

மறுவாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சர்வேயரிடம் வேலைக்குப் போனேன். வெயிலில் ஸ்டாஃப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. ஒரு நாளைக்கு 500 ரூபாய். ஐந்து ஞாயிறு போனேன். அம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தேன். மிச்சக் காசில் சுண்ணாம்பு வாங்கினேன். இந்த 2025 பொங்கலுக்கு நானே வெள்ளையடிப்பது என்று முடிவு.

விஷயம் தெரிந்ததும் அதே மூன்று நண்பர்களும், "எங்களாலதானடா இந்த வினை! நாங்களும் வர்றோம்" என்று ஒரு சனிக்கிழமை காலையிலேயே பஸ் ஏறி வந்துவிட்டார்கள். மெக்கானிக்கல் ஒருவன், இ.இ.இ. இருவர், சிவில் நான் ஒருவன். மேஸ்திரி யார் தெரியுமா? திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா!

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக, வேலையை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பழைய பெயிண்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் படலத்தின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. எங்களுக்கு ஒரு நாள் முழுக்க இதற்கே ஆனது. உதிர்ந்த இடங்களை ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து பூசினோம். சிமென்ட் பூசக்கூடாது. அதுவும் ஈரத்தை அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது சுண்ணாம்பு நீற்றுவது. நமது பாடத்தில் ஐ.எஸ். 712-இல் 'சி' வகை, அதாவது கொழுப்புச் சுண்ணாம்பு, வெள்ளையடிக்க ஏற்றது என்று படிக்கிறோமே, அதுதான். கிளிஞ்சல் சுண்ணாம்பும் இந்த வகையே. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்குச் சுமார் ஐந்து லிட்டர் தண்ணீர். தண்ணீர் பட்டதும் அது கொதிக்க ஆரம்பிக்கும். கால்சியம் ஆக்ஸைடு கால்சியம் ஹைட்ராக்ஸைடு ஆகும்போது வெளிவருகிற வெப்பம். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய நான், பிளாஸ்டிக் வாளியில் நீற்றப் போனேன்! வாளி இளகி ஒரு பக்கம் சாய்ந்தது. "படிச்ச புள்ள பாரு!" என்று அப்பத்தா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு பழைய தகர டின்னுக்கு மாற்றினோம். டின்னில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது, முகத்தை மேலே நீட்டக்கூடாது. கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் விளையாட்டல்ல, உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து டாக்டரிடம் ஓட வேண்டும்.

ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டினோம். கையில் ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் அரிசிக் கஞ்சி, கைப்பிடி உப்பு, வெள்ளை தூக்கலாகத் தெரியத் துளி நீலம். முதலில் மட்டையை மேலிருந்து கீழே ஓர் இழுப்பு, அதன் மேல் கீழிருந்து மேலே ஓர் இழுப்பு. அது காய்வதற்குள் வலமிருந்து ஒன்று, இடமிருந்து ஒன்று. அடிக்கும்போது சுவர் அழுக்காகத்தான் தெரியும். "என்னடா, தண்ணி அடிச்ச மாதிரியே இருக்கு?" என்று மெக்கானிக்கல்காரன் பயந்தான். காயக் காயத்தான் வெளுக்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை இழுத்துக்கொண்டு சுண்ணாம்பு மறுபடி கல்லாக மாறும். பொறுமை வேண்டும்.

இந்தத் தடவை ஆசாரம், அறைகள், வெளிப்புறம் நாலு பக்கமும், கதவு ஜன்னல் போக சுமார் 1,800 சதுர அடி முடித்தோம். சுண்ணாம்பு, மட்டை, நீலம், காவி எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை. ஆள் கூலி? நாலு பேருக்கு இரண்டு நாள் சாப்பாடு, கூடவே பந்தல் அவரைக்காய் பொரியல். மிஞ்சிய சுண்ணாம்புத் தண்ணீரைத் தென்னை மரத்தின் அடியில் பட்டையாக அடித்து, நடுவில் காவியும் போட்டுவிட்டோம். கொல்லையும் நோம்பிக்குத் தயார். போகிக்குப் பழைய பாய், கிழிந்த சாக்கு எதையும் எரிக்கவில்லை. பாயை நறுக்கிக் குப்பைக்குழியில் போட்டாயிற்று, அடுத்த ஆடிக்கு அவரைக்கு உரம். சாக்கு மாட்டுக்கு மழைப்படுதா.

போகிக்கு முதல் நாள் கண்ணாடி வந்தது. அம்மா அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். சுவரைப் பார்க்கிறார், பார்க்கிறார், பேச்சே இல்லை. என் கண் கலங்கத் தயாராகிவிட்டது. அப்போது அம்மா நிலைப்படிக்குப் பக்கத்தில் குனிந்து விரலை வைத்து, "இந்த மூலைல ஒரு எடம் விட்டுப்போச்சே கண்ணு!" என்றார்.

மட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். இவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலையை நான் செய்ததே இல்லை.

நண்பர்களே! 'வரவு எட்டணா செலவு பத்தணா' ஆகாமல் இருந்தால் அதுதான் சிக்கனம் என்று நினைத்திருந்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. எந்தப் பொருள் எந்தச் சுவருக்கு ஏற்றது என்று தெரிந்திருப்பதும் சிக்கனம். வீட்டில் நாம் வாங்குகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் பின்னால் யார் எதைத் தள்ளிப்போட்டார்கள் என்று ஒரு வார்த்தை கேட்பதும் சிக்கனம். அம்மாக்கள் கேட்காமல் சொல்ல மாட்டார்கள்.

இன்னும் சில வாரத்தில் டிப்ளமோ முடிந்து பிரியப் போகிறோம். நாளைக்கு ஊரார் வீட்டுக்கெல்லாம் எஸ்டிமேட் போடுவோம். அதற்கு முன்னால் நம் வீட்டுக்கு ஒரு தடவை சரியாகப் போட்டுப் பார்ப்போமே! மிசினுக்கு மோட்டார் இன்னும் பாக்கி. அது என் முதல் சம்பளத்தில்.

— மூன்றாமாண்டு, கட்டிடவியல் துறை