தனியாவா போறே?

லண்டனுக்கு ஒரு கச்சேரி பார்க்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "தனியாவா போறே?" என்று கணவர் கேட்டார். "தனியாவா போற கண்ணு? அதுவும் ஆயுத பூஜை சமயத்துல?" என்று கோயம்புத்தூரிலிருந்து அத்தை கேட்டார். இங்கே ஐன்ட்ஹோவனில் பக்கத்துத் தெருவில் இருக்கும் தோழி மட்டும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதும் சண்டையா?" என்றாள். யார் பாடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

பாடியவர் டேவிட் கில்மர். பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவின் கிடார் கலைஞர், பாடகர். 1965இல் லண்டனில் தொடங்கிய அந்தக் குழுவில் 1968 தொடக்கத்தில் சேர்ந்தவர். 2024 அக்டோபரில் அவருக்கு 78 வயது. எட்டு வருடங்களுக்குப் பிறகு மறுபடி மேடை ஏறினார். ரோம், லண்டன், லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் என்று முக்கியமாக நாலே ஊர்கள். லண்டனில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஆறு இரவுகள். அதில் அக்டோபர் 12, சனிக்கிழமை இரவுக்கு எனக்கு ஒரு டிக்கெட்.

நியாயமாக அது இரண்டு டிக்கெட்டாக இருந்திருக்க வேண்டும்.

1994இல் எனக்கு 15 வயது. அண்ணன் அப்போது பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் ஒரு கேசட் வாங்கிக்கொண்டு வந்தான். பிங்க் ஃபிளாய்டின் 'தி டிவிஷன் பெல்'. வீட்டில் போட்டால் அப்பா திட்டுவார் என்று ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குக் கூட்டிப்போனான். கணபதியில் அப்பாவுக்கு மூன்று லேத் மிஷின் வைத்த பட்டறை இருந்தது. மிஷின் எல்லாம் ஓய்ந்து கிடக்க, எண்ணெய் வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து கடைசிப் பாட்டு வரை கேட்டோம். அந்தக் கடைசிப் பாட்டின் பெயர் 'ஹை ஹோப்ஸ்'. மணி அடித்துத் தொடங்கும். இங்கிலீஷ் பாதி புரியவில்லை. ஆனால் முடிந்ததும் அண்ணன் சொன்னான், "பாப்பா, ஒரு நாளைக்கு நாம ரெண்டு பேரும் போயி நேர்ல பாக்கறோம்."

பிறகு நடந்தது நம்மில் பல வீடுகளில் நடந்ததுதான். அப்பா போனார். அண்ணன் பட்டறையை எடுத்துக்கொண்டான். நான் படித்து, கல்யாணமாகி, நெதர்லாந்து வந்தேன். ஒவ்வொரு முறை கில்மர் சுற்றுப்பயணம் அறிவிக்கும்போதும் ஒருவருக்கு ஒருவர் அனுப்பிக்கொள்வோம். "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று முடித்துக்கொள்வோம். இந்த முறை நான் கூப்பிட்டபோது அவன் யோசிக்கவே இல்லை. "அம்மாவ விட்டுட்டு எப்படி வர்றது? பூஜைக்குப் பட்டறையில ஆளுகளுக்கு போனஸ் குடுக்கோணும். நீ போயிட்டு வா. எனக்காகக் காத்திருந்தா ரெண்டு பேருமே பாக்க முடியாது." அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகி இரண்டு வருடம். நான் அதற்குப் பத்து நாள் லீவில் போய் வந்ததோடு சரி.

இந்த உறுத்தலோடுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிக்கெட் எடுத்தேன். ஒன்று சொல்ல வேண்டும். தனியாகப் போவதில் ஒரு லாபம் இருக்கிறது. சேர்ந்தாற்போல் இரண்டு சீட், நாலு சீட் எல்லாம் பறந்துவிடும். நடுவில் ஒற்றை சீட் மிச்சம் கிடக்கும். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. இன்னொன்று, டிக்கெட்டுக்குப் பின்னாடியே விசா வேலையைத் தொடங்கிவிடுங்கள். நம் கையில் நெதர்லாந்து குடியிருப்பு அட்டை இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு பிரிட்டிஷ் விசா தனி. அப்போது 115 பவுண்டு. பாஸ்போர்ட் திரும்பி வர மூன்று வாரம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் பூஜை. மகளின் புத்தகங்கள், கணவரின் லேப்டாப், என் தையல் மிஷின். எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. மகள் என்னைக் கேட்காமலே டிக்கெட் பிரிண்ட்டை எடுத்துப் புத்தகத்துக்கு மேலே வைத்தாள். "இதுவும் பாட்டுதானேம்மா" என்றாள். அதே நேரம் அண்ணன் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். பட்டறையில் லேத் மிஷின், ஸ்பேனர்கள், பொரி, கடலை. ஓரத்தில் அந்தப் பழைய டேப் ரெக்கார்டர், அதன் நெற்றியிலும் ஒரு பொட்டு.

மறுநாள் விஜயதசமி. விடிவதற்கு முன்பே கிளம்பினேன். அந்த வருடம் ஆம்ஸ்டர்டாம் ஸ்டேஷனில் வேலை நடந்ததால் நெதர்லாந்திலிருந்து லண்டனுக்கு நேர் ரயில் இல்லை. எல்லோரும் பிரஸ்ஸல்ஸில் இறங்கி, அங்கே பாஸ்போர்ட் காட்டித்தான் ரயில் மாற வேண்டும். பிரிட்டிஷ் அதிகாரி எதற்குப் போகிறீர்கள் என்றார். கச்சேரி என்றேன். யாருடையது என்றார். பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். "தனியாகவா?" என்று அவரும் கேட்டார். ஆனால் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

கால்வாய்க்கு அடியில் 50 கிலோமீட்டர் சுரங்கம். அதுவும் 1994இல் திறந்ததுதான். ஜன்னலில் என் முகம் மட்டும் தெரிந்த அந்த இருபது நிமிடம் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. கல்யாணமாகி இருபது வருடத்தில் தனியாக ஒரு ராத்திரிகூட எங்கேயும் தங்கியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தங்கியது ஈஸ்ட் ஹாமில். ஹால் பக்கத்தில் ஹோட்டல் வாடகை நமக்குக் கட்டாது. ஈஸ்ட் ஹாம் என்றால் செயின்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷனை ஒட்டிய கிங்ஸ் கிராஸிலிருந்து ஒரே பாதாள ரயில். அங்கிருந்து கச்சேரிக்கு டிஸ்ட்ரிக்ட் லைனில் மாறாமல் சவுத் கென்சிங்டன் போய்விடலாம். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் இறங்கி நடந்தால் முருங்கைக்காய், பூச்சரம், தங்க நகைக் கடை, பாதிப் பேச்சு தமிழ். ஒரு சின்ன யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடையில் இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டேன். பரிமாறிய அக்கா கேட்டார், "தனியவோ பிள்ளை வந்தனீங்கள்?" ஆமாம், ஒரு கிடார் கச்சேரி பார்க்க என்றேன். "அதுக்கென்ன, சந்தோசமாப் போட்டு வாங்கோ" என்று இன்னொரு கரண்டி சொதி ஊற்றினார். இத்தனை பேரில் அவர் ஒருத்தர்தான் அப்படிச் சொன்னார்.

சவுத் கென்சிங்டனில் இறங்கி, மியூசியங்களைத் தாண்டி நடந்தால் வட்டமாக, செங்கல் சிவப்பில் எழுந்து நிற்கிறது ராயல் ஆல்பர்ட் ஹால். எதிரே பூங்காவில் தங்கமாக மின்னும் ஆல்பர்ட் இளவரசர் சிலை. கணவர் நினைவாக விக்டோரியா மகாராணி 1871இல் திறந்து வைத்த மன்றம். ஐயாயிரம் பேருக்கு மேல் கொள்ளும். பல காலம் அதில் எதிரொலி பெரிய தொந்தரவு. ஒரே சங்கீதத்தை இங்கே இரண்டு தடவை கேட்கலாம் என்று கேலி செய்வார்களாம். அதனால் 1969இல் கூரையிலிருந்து பெரிய பெரிய வட்டத் தட்டுகளைத் தொங்கவிட்டார்கள். பார்க்கக் காளான் மாதிரி இருக்கும், பெயரும் காளான்தான். அதே 1969 ஜூனில் இங்கே வாசித்த பிங்க் ஃபிளாய்ட் மேடையில் பீரங்கி வெடித்து, மன்றத்தின் தடையையும் வாங்கிக்கொண்டது. இன்று அந்தக் குழுவின் ஆள் ஆறு நாள் வாசிக்கிறார். எல்லா வீட்டிலும் இப்படித்தான் போல. துரத்திவிட்ட பிள்ளையை வயதான பிறகு கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள்.

என் சீட் மேல் வட்டத்தில். பக்கத்தில் எழுபது வயதுக்கு மேல் ஒருவர், அவரும் தனியாகத்தான் வந்திருந்தார். "இன்று என்ன தேதி தெரியுமா?" என்று பேச்சைத் தொடங்கினார். சரியாக முப்பது வருடம் முன்பு, 1994 அக்டோபர் 12, இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஏர்ல்ஸ் கோர்ட் அரங்கில் பிங்க் ஃபிளாய்ட் கச்சேரி. தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சுமார் 1200 பேர் உட்கார்ந்திருந்த ஒரு படி மேடை சரிந்தது. பலருக்குக் காயம், உயிர் போகவில்லை. கச்சேரியை நிறுத்திவிட்டு 17ஆம் தேதிக்கு மாற்றினார்கள். அன்று அவர் மனைவியோடு போயிருந்தாராம். "அடுத்த தடவை என்று ஒன்று அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது" என்றார். மேலே எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கில்மர் வந்தார். நரைத்த, முடியில்லாத தலை, கறுப்புச் சட்டை, ஆர்ப்பாட்டம் இல்லை. அவர் விரல்களில் வேகம் இல்லை, என்றைக்கும் இருந்ததில்லை. ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, நம் நாகஸ்வரக்காரர்கள் அசைப்பது மாதிரி அசைத்து, விடாமல் வைத்திருப்பார். புது ஆல்பம் 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்' பாட்டுகள் நிறைய வந்தன. அந்தப் பெயருள்ள பாட்டின் பதிவில், 2008இல் காலமான பிங்க் ஃபிளாய்ட் நண்பர் ரிச்சர்ட் ரைட் 2007இல் வாசித்து வைத்த கீபோர்டு இருக்கிறது. செத்துப்போன நண்பனைக் கூட உட்கார வைத்துக்கொண்டு பாடியிருக்கிறார். மகள் ரோமனி ஹார்ப் வாசித்து ஒரு பாட்டு பாடினாள். அவள் பாடும்போது அந்த மனுஷர் ராக் நட்சத்திரமாக இல்லை, பள்ளி ஆண்டு விழாவில் நிற்கும் அப்பா மாதிரி இருந்தார்.

முதல் பாதி 'ஹை ஹோப்ஸ்' பாட்டோடு முடிந்தது. மணி அடித்ததும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷம் என்று சொன்னால் பொய். இந்த மணியை எனக்குக் காட்டிக்கொடுத்தவன் இங்கே இல்லை, அவன் சம்பாதித்துக் கொடுத்ததில் படித்துவிட்டு நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்ற நினைப்பு. பக்கத்துப் பெரியவர் திரும்பாமலே ஒரு பெப்பர்மின்ட்டை நீட்டினார்.

அண்ணன் என்னிடம் வீடியோ கேட்கவில்லை. "கடைசிப் பாட்டு கிடார் முடிஞ்சதும் ஹால்ல எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லு" என்றிருந்தான். கடைசிப் பாட்டு 'கம்ஃபர்ட்டப்ளி நம்ப்'. லேசர் வெளிச்சம் காளான்களைத் தடவிக்கொண்டு சுற்ற, அந்த நீளமான கிடார் வாசிப்பு முடிந்தது. ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டுக் காதை மட்டும் கொடுத்தேன்.

வெளியே வந்து பூங்கா ஓரம் நின்று "முடிஞ்சுது அண்ணா" என்று அனுப்பினேன். லண்டனில் இரவு பத்தே முக்கால், கோவையில் விடிகாலை மூன்றே கால். காலையில் பார்ப்பான் என்று நினைத்தேன். உடனே நீல டிக் விழுந்தது. அவனே கூப்பிட்டான்.

"எப்படி இருந்துச்சு பாப்பா?"

"பட்டறையில எல்லா மிஷினும் ஓடறப்ப கரண்ட் போனா ஒரு செகண்ட் வருமே, அந்த அமைதி. அப்புறம்தான் கைதட்டல்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "போதும் பாப்பா. பாத்த மாதிரி ஆச்சு."

"எனக்காக இந்நேரம் வரைக்கும் முழிச்சிருந்தியா?"

"அட, தினமும் இந்நேரம் முழிச்சுத்தான் இருப்பேன். அம்மா ராத்திரி ரெண்டு மூணு தடவ எந்திரிப்பாங்க. பாத்ரூமுக்குப் பிடிச்சுக் கூட்டிப்போகோணும்."

இரண்டு வருடமாக. வாரம் தவறாமல் பேசுகிறேன், "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்கிறேன், "நல்லா இருக்காங்க" என்கிறான். நீ எப்போது தூங்குகிறாய் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

ஞாயிறு காலை பாட்டர்ஸி மின் நிலையம் பார்க்கப் போனேன். 'அனிமல்ஸ்' ஆல்பத்தின் அட்டையில் இருக்கும் அதே நான்கு வெள்ளைப் புகைபோக்கிகள். 1976 டிசம்பரில் படம் எடுக்கப் பறக்கவிட்ட காற்றடைத்த பன்றிப் பொம்மை கயிறு அறுந்து பறந்துபோய், கென்ட் பக்கம் ஒரு பண்ணையில் விழுந்த கதை இங்கே நடந்ததுதான். இப்போது உள்ளே கடைகளும் வீடுகளும். 2022இல் திறந்தார்கள். தேம்ஸ் ஓரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கணவரைக் கூப்பிட்டேன். ஜனவரியில் மூன்று வாரம் லீவு போடப் போகிறேன், கோயம்புத்தூர் போய் அம்மாவோடு இருக்கப் போகிறேன், நீங்களும் பாப்பாவும் சமாளித்துக்கொள்ளுங்கள் என்றேன். இந்த முறை அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "டிக்கெட் நான் பாக்கறேன்" என்றார்.

ஜனவரியில் போனேன். முதல் நான்கு ராத்திரி அம்மாவைப் பிடித்துக் கூட்டிப்போவதற்குள் எனக்கே முதுகு பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் அண்ணனை, எங்கேயாவது போய்விட்டு வா என்று விரட்டினேன். உலகத்தில் எங்கே போக ஆசை என்று கேட்டதற்கு, "ஊட்டிக்குப் போயி ரெண்டு நாள் நல்லாத் தூங்கோணும்" என்றான். சின்னப் பை, காதில் மாட்டும் ஹெட்ஃபோன். அவன் செருப்பு மாட்டும்போது உள்ளே கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏன் சாமி, தனியாவா போற?"