எந்தத் தோட்டம்?

கோவைக்குப் படிக்க வந்து ஏழு திங்கள் ஆகியும், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வயல்களையும் விடுதியையும் தவிர இந்நகரில் நான் கண்டது ஒன்றுமில்லை. நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் அருகே பிறந்தவள். தமிழ் பேசுகிறவளுக்குத் தமிழகம் எப்படி அயல்நாடாகும் என்று என் ஊரில் கேட்டார்கள். ஆகத்தான் செய்கிறது. ஒரு ஞாயிறன்று பாடமும் இல்லை, பண்ணை வேலையும் இல்லை. துணிந்து தனியே பேருந்தேறி டவுன்ஹாலில் இறங்கினேன்.

1892-இல் விக்டோரியா அரசியாரின் பெயரால் எழுந்த அந்த மண்டபத்தைப் பார்த்துவிட்டுப் பெரியகடை வீதிக்குள் நுழைந்தேன். கோனியம்மன் கோயிலும் புனித மிக்கேல் பேராலயமும் ஒரே வீதியில் இருக்கின்றன. வாசகர்கள் அடிக்கடி கடந்து செல்லும் இடங்களை விவரிக்க நான் யார்? என்னைப் பிடித்து நிறுத்தியவை சந்துகளே. ரங்கே கவுடர் வீதிப் பக்கம் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே திரும்பியவள், வழி தவறி ஒரு கயிற்றுக் கடையின் முன் நின்றேன். மாட்டுக் கயிறும் சாட்டையும் வெண்கல மணிகளும் தொங்கின. உள்ளே எண்பது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர்.

"வாங்க அம்மணி. எந்த ஊருங்க?"

"மலேசியா ஐயா. தோட்டத்தில் பிறந்தவள்."

அவர் முகம் மலர்ந்தது. "தோட்டமுங்களா! பூமி எத்தன ஏக்கரா? கெணத்துப் பாசனமா?"

"ஆயிரம் ஏக்கருக்கு மேல் இருக்கும்" என்றேன், கேள்வியின் பொருள் விளங்காமல்.

பெரியவர் எழுந்து நாற்காலியைத் துடைத்து என்னை அமரச் சொன்னார். அப்பொழுதுதான் தவறு எனக்குப் புரிந்தது. கொங்கு நாட்டில் மழையை நம்பிய நிலம் காடு. கிணறு வெட்டி நீர் பாய்ச்சும் சொந்த நிலமே தோட்டம். வகுப்பில் கேட்டு எழுதிக்கொண்டதுதான், நாவுக்கு மட்டும் எட்டவில்லை. எங்கள் நாட்டிலோ காடு என்றால் புலி திரியும் காடு. தோட்டம் என்றால் கம்பெனிக்காரனின் இரப்பர் எஸ்டேட். அங்கே என் பாட்டி விடியுமுன் எழுந்து பால் வெட்டினாள். ஒரு குழி நிலமும் எங்களுடையதன்று. இப்பொழுது அந்த மரங்களும் இல்லை, செம்பனை நிற்கிறது.

உண்மையைச் சொன்னேன். நாற்காலியை அவர் திரும்பக் கேட்கவில்லை. தேநீர் வரவழைத்தார்.

"எங்க அப்பாரோட தம்பி ஒருத்தரு அப்படித்தானுங்க கப்பலேறிப் போனாரு. பஞ்சம் வந்து காடு வெளையல. கங்காணி கூட்டிட்டுப் போனானாம். கடுதாசி வந்துட்டிருந்துச்சு. சண்டை வந்ததோட நின்னு போச்சுங்க. ஏனம்மணி, அங்க அவரு வகையறாவை யாராச்சும் தெரியுங்களா?"

கங்காணி முறையில் ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடுத்தது. அதற்குமுன் போனவராய் இருப்பார். கடிதம் நின்ற காரணமும் எனக்கு ஒருவாறு தெரியும். 1942-இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தபின் சயாம்–பர்மா இரயில் பாதை போடத் தோட்டத்துத் தமிழர்களைப் பல்லாயிரக் கணக்கில் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் மடிந்தவர் எத்தனையோ பேர். எங்கள் லயத்தில் திரும்பாதவர்களைப் பற்றிப் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அதை அப்பெரியவரிடம் நான் சொல்லவில்லை. சரியா, தவறா என்று இன்னும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. "விசாரிக்கிறேன் ஐயா" என்றேன்.

"உங்க பாட்டன் எந்த ஊருங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டார். எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது "கோயமுத்தூர் ஜில்லா" என்ற இரு சொற்களே. அந்நாளைய ஜில்லாவிலிருந்து 1979-இல் ஈரோடும் 2009-இல் திருப்பூரும் பிரிந்துவிட்டன. எந்தத் திசையில் தேடுவது? அவர் தலையசைத்தார். ஆளைத் தொலைத்தவர் அவர். ஊரைத் தொலைத்தவள் நான்.

ரசீதுத் தாளொன்றின் பின்புறத்தில் சிறிய பாட்டனாரின் பெயரையும் பல்லடம் பக்கத்து ஊர்ப்பெயரையும் நடுங்கும் கையால் எழுதித் தந்தார். காசு கொடுக்கப் போனேன். வாங்க மறுத்து, "போயிட்டு வாங்க கண்ணு, சாப்புட்டுட்டுப் போலாமுங்க" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

அத்தாள் என் மண்ணியல் குறிப்பேட்டுக்குள் இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் போனதும் பாட்டியிடம் படித்துக் காட்ட வேண்டும். பழைய லயத்துக்காரர்களில் இருவர் இன்னும் சுங்கை சிப்புட்டில் இருக்கிறார்கள்.